லண்டன் ஈ, பேர்லின் ஈ

மணி அடித்தபோது என் மகள் ஒரேயொரு எழுத்துத்தான் சொல்லியிருந்தாள்.

ஒரு எழுத்தில் என்ன பிழை விடமுடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குக் கிடைத்ததெல்லாம் விண்ணப்பமும் டெர்மின் என்கிற சந்திப்பு நேரமும் சொற்பொழிவும்தான். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். இடையில் எனக்கு விசர் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஞானமலர். டுசல்டோர்ஃப் நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறேன். கணவர் அசோகன் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறார். ஒரே மகள் தக்சாயினிக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீட்டுக்கும் ஆங்கிலத்துக்கும் பகையும் இல்லை, பெரிய உறவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது.

எங்கள் சனம் அப்படி இல்லை. ஜேர்மனிக்கு வந்து, ஜேர்மன் படித்து, ஜேர்மன் பாஸ்போட்டும் எடுத்துவிட்டு, பிறகு ஒருநாள் திடுக்கிட்டு எழும்பி, பிள்ளைக்கு இங்கிலீஷ் வராமல் போய்விட்டதே என்று தலையில் கைவைக்கும். பாதிப் பேர் அந்தக் கவலையிலேயே வீட்டைக் காலிசெய்து லண்டனுக்குப் போனார்கள். போகாத பாதிப் பேர் பேரவை தொடங்கினார்கள்.

பேரவையின் முழுப் பெயர் ‘ஜேர்மன் வாழ் தமிழர் ஆங்கில நெடுஞ்சொல் வளர்ச்சிப் பேரவை’. பெயரின் வாலில் e.V. என்று இரண்டு எழுத்து இருக்கும். இந்த நாட்டில் பதிவுசெய்த சங்கம் எதற்கும் அந்த இரண்டு எழுத்தும் உண்டு. ஜேர்மன்காரர் அதை ‘ஏ ஃபௌ’ என்று சொல்வார்கள். எங்கள் ஆட்கள் அதை டொக்டர் பட்டம் மாதிரி அழுத்திச் சொல்வார்கள்.

இந்தப் பேரவை சாதாரண ஆங்கிலச் சொல்லைக் கையாலும் தொடாது. சொல் நீளமாக இருக்கவேண்டும். நீளம் மட்டும் காணாது, எழுத்துகளுக்குள் ஏதாவது ஒற்றுமையும் இருக்கவேண்டும். முதலாம் பிரிவில் ஐந்து உயிரெழுத்தும் ஒழுங்கு மாறாமல் வரும் சொற்கள்: அப்ஸ்டீமியஸ், பொருள் குடியிலும் சாப்பாட்டிலும் அடக்கமாக இருத்தல், ஃபசீஷஸ், பொருள் நேரம்காலம் தெரியாமல் பகிடி விடுதல். இரண்டாம் பிரிவில் அதே ஐந்தும் தலைகீழாக வரும் சொற்கள்: அன்கொம்ப்ளிமென்ரரி, பொருள் பாராட்டாத. மூன்றாம் பிரிவில் ஒரு எழுத்தும் இரண்டாம்முறை வராத சொற்கள்: டேர்மற்றோகிளிஃபிக்ஸ், பொருள் கைரேகை பற்றிய படிப்பு. இறுதிச் சுற்றுக்கு, ஒரேயோர் உயிரெழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள். பொருளெல்லாம் பேரவை அச்சடித்த ‘நெடுஞ்சொல் மாலை’ என்ற புத்தகத்தில் தமிழில் இருந்தது.

இந்தச் சொற்களை யார், எங்கே பாவிப்பார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். பாவிக்கிற சொல் தானாக வளர்ந்துவிடும், பாவிக்காத சொல்லைத்தான் நாங்கள் வளர்க்க வேண்டும் என்று பதில் வந்தது.

தக்சாயினி இதற்குள் விழுந்தது கீழ்வீட்டுத் துஷானியால். இரண்டு பேரும் ஒரே மாடிப்படியில் வளர்ந்தவர்கள். எங்கேயோ ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து, படியில் இருந்து, ஒருத்தி ஒரு எழுத்து மற்றவள் அடுத்த எழுத்து என்று மாறிமாறிச் சொல்வார்கள். தடக்கினால் மற்றவளின் காலணியைத் தூக்கிக்கொண்டுபோய் அவளின் வாசலில் வைக்க வேண்டும். அடுத்தவீட்டு ஜேர்மன் மனுசி சத்தம் என்று கதவைத் தட்டும்வரைக்கும் அது நடக்கும். போன கோடையில் துஷானியின் தகப்பனுக்கு லண்டனில் வேலை கிடைத்தது. வான் வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போனது. என் பிள்ளை இரண்டு கிழமை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அதன்பிறகுதான், லண்டனைத் தலைமையகமாகக் கொண்டு நாட்டுக்கு நாடு கிளை வைத்திருக்கும் பேரவைகளின் உலக இறுதிப்போட்டி அங்கேயே என்றும், பிரித்தானியக் கிளையில் வென்றது துஷானி என்றும் செய்தி வந்தது. ஜேர்மனியில் தக்சாயினி வென்றால் இரண்டு பேரும் ஒரே மேடையில் நிற்பார்கள்.

“நான் டிக்கெற் எடுத்துத் தாறன், போய்ப் பாத்திட்டு வா பிள்ளை” என்றேன்.

“பாக்கிறதுக்கில்லை அம்மா. அவளோடை நிக்கோணும். நாங்கள் சொல்லி வைச்சனாங்கள்.”

இதுதான் விஷயம். பிள்ளைக்கு வேண்டியது கிண்ணமும் இல்லை, பட்டமும் இல்லை, சிநேகிதிக்குப் பக்கத்தில் நிற்க ஒரு இடம்.

முதல் மூன்று சுற்றும் எழுத்துப் பரீட்சை. மூன்றிலும் அவள்தான் முதலாவது. இறுதிச் சுற்றுக்கு அவள் ஒருத்திதான்: மேடையில் ஒரு சொல்லை வாயால் சரியாகச் சொன்னால் லண்டன். அன்றைக்கு மங்கள விளக்கேற்ற ஐந்து பேர் வந்தார்கள். மண்டபத்தில் நெருப்பு வைக்க அனுமதி இல்லாததால் குத்துவிளக்கின் ஐந்து திரியும் பற்றரியில் எரிவன. ஆனாலும் ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, சுவிட்சைத் தட்டி, கும்பிட்டுப் போனார்கள். பிறகு ஐந்து பேருக்கும் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் பொன்னாடை.

நடுவர் கமலநாயகி ரீச்சர். ஊரில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய கையில் ஒரு பூசைமணி இருந்தது.

“இன்டிவிசிபிலிற்றி” என்றார் ரீச்சர்.

தக்சாயினியின் முகம் மலர்ந்தது. ஐ என்ற எழுத்து ஆறு தரம் வரும் சொல். மாடிப்படியில் எத்தனையோ தரம் சொன்ன சொல். அவள் வாயைத் திறந்து “ஈ” என்றாள். மணி அடித்தது.

இதை விளங்கப்படுத்த வேண்டும். ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் ஐ என்ற எழுத்தை ‘ஈ’ என்று சொல்வார்கள். ஈ என்ற எழுத்தை ‘ஏ’ என்பார்கள். ஏ என்ற எழுத்தை ‘ஆ’ என்பார்கள், வீயை ‘ஃபௌ’ என்பார்கள், வையை ‘உப்சிலோன்’ என்பார்கள். எழுத்து அதே எழுத்துத்தான், கூப்பிடுகிற பெயர்தான் வேறு. ஆங்கிலப் பெயரும் என் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொற்களை அவளும் துஷானியும் பாடமாக்கியது ஜேர்மன் பெயரில். எந்தப் பெயரில் சொல்லவேண்டும் என்று பேரவை ஒரு இடத்திலும் எழுதி வைக்கவில்லை. அதற்குமுன் மேடை ஏறிய பிள்ளைகள் எல்லாரும் ரீச்சரின் சனிக்கிழமை வகுப்பில் படித்தவர்கள் என்பதால் இந்தச் சிக்கல் அதுவரைக்கும் வந்ததும் இல்லை.

மணி அடித்தது எதற்கு என்று விளங்காமல் அவள் சொல்லை முடித்தாள். “என், டே, ஈ, ஃபௌ, ஈ, எஸ், ஈ, பே, ஈ, எல், ஈ, தே, உப்சிலோன்.” ஒவ்வொரு ஈக்கும் ரீச்சர் மணி அடித்தார். உப்சிலோனுக்கு அடிக்கவில்லை, மணியைக் கீழே வைத்துவிட்டார்.

“பிள்ளை, நீர் சொன்னதிலை ஆறு பிழை. அதோடை உப்சிலோன் எண்டு ஒரு எழுத்து உலகத்திலை இல்லை. சரி, பொருளாவது சொல்லும்.”

“பிரிக்க ஏலாத தன்மை” என்றாள் தக்சாயினி.

ரீச்சர் ‘நெடுஞ்சொல் மாலை’யைத் திறந்து பார்த்தார். “கண்ணுக்குத் தெரியாத தன்மை. அதுவும் பிழை.”

நான் மேடைக்கு ஓடினேன். வேறு ஏதோ சொல்லின் பொருளை அச்சடித்துவிட்டார்கள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிகிறது, இவர்களுக்குத் தெரியவில்லை. செயலாளர் நிஷாந்தன் கையை நீட்டி மறித்தார். முப்பது வயது இளைஞர். சங்கத்தின் யாப்பு என்கிற சட்டக்கோவையைக் கரைத்துக் குடித்தவர்.

“அக்கா, மண்டபத்திலை முறைப்பாடு எடுக்க ஏலாது. அன்றாக், அதுதான் விண்ணப்பம், எழுதித் தரோணும். தமிழிலை, ஜேர்மனிலை, இங்கிலீஷிலை, மூண்டிலையும்.”

“எனக்கு இங்கிலீஷ் எழுத வராது தம்பி.”

“அப்ப இங்கிலீஷ் எழுத வராது எண்டு இங்கிலீஷிலை ஒரு கடிதம் தாங்கோ. ஏற்றுக்கொள்ளுவம்.”

எழுதிக் கொடுத்தேன். அசோகனின் வேலையிடத்தில் ஒரு போலந்துக்காரர் உதவி செய்தார். ஒரு கிழமையில் திருப்பி அனுப்பினார்கள். முறைப்பாடு செய்ய உறுப்பினருக்கு மட்டும்தான் உரிமையாம். உறுப்பினராகச் சேர்ந்தேன். புதிய உறுப்பினர் முதல் வருடம் ‘செயற்படா உறுப்பினர்’, அவர் ஒன்றும் கேட்கக்கூடாதாம். அதற்கும் ஒரு விதிவிலக்குக் கேட்டு எழுதினேன். கடைசியில் மேன்முறையீட்டுக் குழுவிடம் டெர்மின் கிடைத்தது.

போனால், கதவைத் திறந்தது நிஷாந்தன். உள்ளே தலைவர் இராசலிங்கம் அண்ணையும் கமலநாயகி ரீச்சரும் இருந்தார்கள்.

“மேன்முறையீட்டுக் குழு எங்கை?” என்று கேட்டேன்.

“நாங்கள்தான்” என்றார் நிஷாந்தன். “போட்டிக் குழுவும் நாங்கள்தான். ஆனால் போட்டிக் குழு யன்னல் பக்கம் இருக்கும், மேன்முறையீட்டுக் குழு சுவர்ப் பக்கம் இருக்கும்.” மூன்று பேரும் எழும்பி, மேசையைச் சுற்றி வந்து, சுவர்ப் பக்கம் இருந்தார்கள். இருந்ததும் ஒருவரையொருவர் வரவேற்றுப் பேசினார்கள்.

முதலில் தலைவர். அவருக்குச் ‘சொல்வேந்தர்’ என்று ஒரு பட்டம் உண்டு. வழங்கியது பேரவை, வழங்கும்படி முன்மொழிந்தது அவர்.

“தங்கச்சி, ஜேர்மன்காரன் எங்களை மதிக்கோணும் எண்டால் அவனுக்குத் தெரியாத ஏதாவது எங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும். அதுக்குத்தான் இந்தப் பேரவை. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அதாலைதான் என்னைத் தலைவராப் போட்டவை. தெரிஞ்ச ஆளைப் போட்டால் பக்கச்சார்பு வந்திடும். நான் ரெண்டு பக்கத்துக்கும் பொது. உங்கட மகள் சொன்னதும் எனக்கு விளங்கேல்லை, ரீச்சர் சொன்னதும் விளங்கேல்லை. இதுக்கு மேலை என்ன நடுநிலை வேணும்?”

அடுத்தது ரீச்சர்.

“நான் ஊரிலை பதினெட்டு வருஷம் இங்கிலீஷ் படிப்பிச்சனான். என்னட்டைப் படிச்ச ஒருத்தரும் இண்டைக்கு வரைக்கும் இங்கிலீஷிலை வாய் திறந்ததில்லை. பிழை விட்டிடுவம் எண்ட பயம். அந்தப் பயத்தை உண்டாக்கிறதுதான் படிப்பு. உங்கட பிள்ளையைப் பாத்தன், மணி அடிக்க அடிக்கச் சொல்லிக்கொண்டு போகுது. ஒரு பயம் இல்லை. இது பிள்ளைக்கு நல்லதில்லை.”

“ரீச்சர், அவள் சொன்ன எழுத்துச் சரியோ பிழையோ?”

பதிலை நிஷாந்தன் சொன்னார். “சரியெண்டு எனக்கும் தெரியும் அக்கா. நானும் இங்கைதான் படிச்சனான். ஆனால் சரி பிழையைப் பற்றி எங்கட யாப்பிலை ஒண்டும் இல்லை. மணியைப் பற்றி இருக்குது. அடிச்ச மணியைத் திருப்பி எடுக்கிறதுக்கு விதி இல்லை.”

“புத்தகத்திலை இருக்கிற பொருள் பிழையெண்டாவது ஒத்துக்கொள்ளுங்கோ.”

“அச்சிலை வந்ததைப் பிழையெண்டு சொல்லப் பொதுக்கூட்டத்திலை மூண்டிலை ரெண்டு பங்கு வாக்கு வேணும். அதுவரைக்கும் அந்தச் சொல்லுக்குக் கண்ணுக்குத் தெரியாத தன்மைதான் பொருள்.”

நான் அழமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனவள். ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. பிள்ளை வீட்டில் கைபேசியைப் பிடித்தபடி இருக்கிறது; லண்டனிலிருந்து மற்றவள் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்கிறாள். இங்கே மூன்று பேர் சுவரோடு சாய்ந்துகொண்டு மணியைப் பற்றி விளக்கம் சொல்கிறார்கள். என் அழுகையைக் கண்டு தலைவர் இளகினார். இளகினால் அவர் வழக்கமாகச் செய்வது குழு அமைப்பது. ‘எழுத்தொலி ஆய்வுக் குழு’ ஒன்று அந்த இடத்திலேயே உருவானது. அதே மூன்று பேர்.

ஆய்வுக் குழு ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு நிபுணரை அழைத்தது. பெயர் அஷ்வத், கோயம்புத்தூர்ப் பொடியன், பற்றரியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அவரைக் கூப்பிட்டதற்குக் காரணம், விண்ணப்பித்தவர்களில் முனைவர் பட்டம் உள்ளவர் அவர் ஒருவர்தானாம். விண்ணப்பித்தவரும் அவர் ஒருவர்தான்.

“ஆக்சுவலி சார், ரெண்டுமே கரெக்ட் தான்” என்றார் அந்தப் பிள்ளை. “லெட்டர் ஒண்ணுதான, நேம் மட்டும்தான் வேற. பேப்பர்ல எழுதச் சொல்லிட்டா பிராப்ளமே இல்லையே.”

குழு அவரை வெளியே இருத்திவிட்டு ஆலோசித்தது. இரண்டும் சரியென்று சொல்கிற ஆள் நிபுணராக இருக்க ஏலாது, இதைச் சொல்ல நாங்களே காணும் என்று முடிவானது. பொன்னாடை போர்த்தி ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். போகும்போது அவர் என்னைப் பார்த்து, “சாரி மேடம்” என்றார். அந்த நடைமுறை முழுவதிலும் என்னிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

கடைசியில் தீர்மானம் வந்தது. இனிமேல் எந்த எழுத்தைச் சொன்னாலும் அது எந்த ஊர் எழுத்து என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆங்கில ஒலியென்றால் லண்டன். ஜேர்மன் ஒலியென்றால் பேர்லின். ஊர் சொல்லாத எழுத்துச் செல்லாது. எல், எம், என், எஸ் மாதிரி இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி ஒலிக்கிற எழுத்துகளுக்கு இரட்டைக் குடியுரிமை; அவற்றுக்கு முன்னால் ‘இரட்டை’ என்று சொன்னால் போதும்.

“உலகத்திலை முதல்தரம் எழுத்துக்கு ஊர் குடுத்தது நாங்கள்தான்” என்று தலைவர் தொலைபேசியில் சொன்னார். “உங்கட மகளாலை வந்த பெருமை. மறுபரீட்சை வைக்கிறம். கூட்டிக்கொண்டு வாங்கோ.”

வீட்டில் பயிற்சி தொடங்கியது. குசினியில் நான் கறி காய்ச்ச, மேசையில் இருந்து அவள் சொல்லுவாள். “பேர்லின் ஈ. இரட்டை என். பேர்லின் டே. பேர்லின் ஈ. பேர்லின் ஃபௌ.” அசோகன் வேலையால் வந்து வாசலில் நின்று கேட்டார்.

“பேர்லின் ஈ எண்டால் என்ன, அங்கையிருந்து பறந்து வாற ஈயே?”

“அது ஐ எழுத்து அப்பா. லண்டன் ஈ எண்டால் ஈ எழுத்து.”

“அப்ப பேர்லின் ஏ?”

“அது லண்டன் ஈ.”

அவர் என்னைப் பார்த்தார். “இதுக்கு எங்கட பிள்ளையை ஊன்ட்றொப் கோயிலிலை காவடி எடுக்க விட்டிருக்கலாம்” என்றார். நான் அகப்பையைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு குளிக்கப் போனார்.

“இங்கிலீஷ் பேரிலையே சொல்லிப்போட்டு விடன் பிள்ளை” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஏலும். ஆனால் அதிலை நினைச்சு நினைச்சுச் சொல்லோணும். துஷானியோடை சொன்ன மாதிரிச் சொன்னால் நினைக்கத் தேவையில்லை.”

மறுபரீட்சை நாளில் மறுபடியும் ஐந்து பேர் செருப்பைக் கழற்றி ஐந்து சுவிட்சைத் தட்டினார்கள். தலைவர் பேச எழும்பினார். நடுநிலை, நீதி, எழுத்துக்கு ஊர் கொடுத்த வரலாறு என்று போய்க்கொண்டே இருந்தார். பேச்சு முழுவதும் “எங்கட ஏ ஃபௌ”, “இந்த ஏ ஃபௌ”. பிள்ளை மேடையின் ஓரத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கடைசியில் அதே சொல். “பேர்லின் ஈ. இரட்டை என். பேர்லின் டே.” ஒரு பிழை இல்லை. ஒரு தடக்கல் இல்லை. சபையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். “பேர்லின் ஈ. இரட்டை எல்.” மணி அடித்தது.

“நேரம் முடிஞ்சுது” என்றார் ரீச்சர்.

ஒரு சொல்லுக்கு அரை நிமிடம். எழுத்தை மட்டும் சொல்லும் காலத்தில் வைத்த கணக்கு அது. இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஊர் வேறு சொல்ல வேண்டும். நேரத்தைக் கூட்ட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நிஷாந்தன் யாப்பைப் புரட்டினார். நேரம் பற்றிய பிரிவை மாற்றப் பொதுக்கூட்டம் வேண்டுமாம். லண்டனுக்குப் பெயர் அனுப்பக் கடைசி நாள் அன்றைக்குத்தான்.

என் பிள்ளை ஒலிவாங்கிக்கு முன்னால் அப்படியே நின்றாள். மிச்சம் மூன்று எழுத்து. அவளுடைய வாய் சத்தமில்லாமல் அந்த மூன்றையும் சொல்லி முடித்தது. அதைக் கண்டதும் எனக்குத் தலை கொதித்தது. நான் எழும்பினேன்.

“அண்ணை, ஒரு கேள்வி. உங்களுக்குப் பின்னாலை பதாகையிலை கடைசியா இருக்கிற ரெண்டு எழுத்தையும் ஒருக்கா வாசியுங்கோ.”

தலைவர் திரும்பிப் பார்த்தார். “ஏ ஃபௌ.”

“எந்த ஊர் ஏ?”

தலைவர் மறுபடியும் பதாகையைப் பார்த்தார்.

“ஊர் சொல்லாத எழுத்துச் செல்லாதெண்டு நீங்கள்தானே தீர்மானம் போட்டனீங்கள். இண்டைக்கு நீங்கள் சொன்ன ஏ ஃபௌ ஒண்டுக்கும் ஊர் இல்லை. அப்ப இந்தப் பேரவை செல்லுமோ, செல்லாதோ?”

என் பிள்ளைக்கு அரை நிமிடம் கூட்டித் தருவார்கள் என்று நினைத்துத்தான் கேட்டேன். சத்தியமாக வேறு நோக்கம் இல்லை.

தலைவர் பதில் சொல்ல முன்னம் ரீச்சர் எழும்பினார். “நான் ஆரம்பத்திலையே சொன்னனான். அது ஏ ஃபௌ இல்லை. ஈ வீ. இங்கிலீஷ் பேரவையின்ரை பேரை ஜேர்மனிலை சொல்லுறது வெக்கக்கேடு.”

“ரீச்சர், இருவது வருஷமா ஏ ஃபௌ எண்டுதான் சொல்லுறன். நீதிமன்றத்திலை பதிஞ்சதும் ஏ ஃபௌ எண்டுதான்.”

“அப்ப இருவது வருஷமாப் பிழை” என்று ரீச்சர் மணியை அடித்தார். தலைவருக்கே மணி அடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. முன்வரிசை ஏ ஃபௌ என்றது, பின்வரிசை ஈ வீ என்றது. ஊரில் யாருடைய வேலியை யார் தள்ளிப் போட்டார் என்பது வரைக்கும் கதை போனது. அன்று பின்னேரமே பேரவை இரண்டாகியது. ஒன்று ‘ஏ ஃபௌ பேரவை’, மற்றது ‘ஈ வீ பேரவை’. இரண்டும் தங்கள் பெயருக்கு முன்னால் ‘பிளவுபடாத’ என்று சேர்த்துக்கொண்டன. குத்துவிளக்கின் தண்டு தலைவருக்குப் போனது, தட்டும் பற்றரியும் ரீச்சருக்குப் போயின. நிஷாந்தன் இரண்டு பக்கத்துக்கும் கூட்டக் குறிப்பு எழுதினார். யாப்பில் அதற்குத் தடை இல்லையாம்.

இது எல்லாவற்றுக்கும் காரணமான சொல்லின் பொருள் பிரிக்க முடியாத தன்மை என்பது ஒருவருடைய நினைவிலும் இருக்கவில்லை. புத்தகத்தில் இருந்த பொருளைப் பார்த்தால், அது அன்றைக்கு ஒருவருடைய கண்ணுக்கும் தெரியாமல் இருந்தது சரிதான்.

அடுத்த நாள் இரண்டு பக்கமும் என் தொலைபேசிக்கு வந்தது.

“தக்சாயினி எங்கட பிள்ளை தங்கச்சி” என்றார் தலைவர். “ஏ ஃபௌ சார்பிலை லண்டனுக்கு அவளின்ரை பேரைத்தான் அனுப்பியிருக்கிறன். அவளுக்காகத்தானே இவ்வளவும் பட்டனான்.”

“நான் மணி அடிச்சது அவளின்ரை நன்மைக்கு” என்றார் ரீச்சர். “ஈ வீ சார்பிலை அவளின்ரை பேரை அனுப்பிப்போட்டன். நாளையிலையிருந்து வகுப்புக்கு அனுப்புங்கோ, அந்த ஜேர்மன் ஒலியை நான் அடிச்சுத் திருத்துறன்.”

“ரீச்சர், அவளின்ரை வாயிலை திருத்த ஒண்டும் இல்லை” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இரண்டு விண்ணப்பமும் ஒரே பெயரோடு லண்டன் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தலைமையகம் நன்றாக யோசித்து ஒரு முடிவு எடுத்தது. ஒரு நாட்டிலிருந்து ஒரு கிளைதான் வரலாம். இரண்டு பக்கமும் ஒன்றாகும்வரைக்கும் ஜேர்மனிக்கு இடம் இல்லை. ஆனாலும் ஜேர்மன் வாழ் தமிழரைக் கௌரவிக்கும் முகமாக, மேடையில் ‘ஜேர்மனி’ என்று எழுதிய ஒரு கதிரை வெறுமையாகப் போடப்படும்.

அதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கட்டிலில் இருந்து கேட்டாள். அழவில்லை. ‘நெடுஞ்சொல் மாலை’யை எடுத்து, அறைக்கு வெளியே, பழைய பேப்பர் போடும் பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

“நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கோணும்” என்றேன்.

“இல்லையம்மா” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“லண்டனுக்குப் போவமே, சும்மா பாக்க?” என்று அசோகன் ஒருதரம் கேட்டார். “வெறும் கதிரையைப் பாக்கவோ அப்பா?” என்று கேட்டாள்.

இறுதிப்போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அன்று வேலை இல்லை. இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். பார்க்க மாட்டேன் என்று சொன்ன பிள்ளை, துஷானி மேடைக்கு வந்ததும் அறையிலிருந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். துஷானி வளர்ந்திருந்தாள். தலைமயிரை வெட்டியிருந்தாள். பக்கத்தில் அந்தக் கதிரை, அதன்மேல் ஒரு பூச்செண்டு.

லண்டன் நடுவர் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். அவருக்கும் ஒரு மணி இருந்தது. துஷானி சொல்லுக்குமேல் சொல்லாகச் சொல்லிக்கொண்டு போனாள், சுத்தமான ஆங்கில ஒலியில், ஒன்றும் தடக்காமல். கனடாப் பிள்ளை விழுந்தது. பிரான்ஸ் பிள்ளை விழுந்தது. கடைசியில் அவள் ஒருத்திதான் நின்றாள். இன்னும் ஒரு சொல்லைச் சொன்னால் கிண்ணம் அவளுக்கு.

“எஃபெர்வெசென்ஸ்” என்றார் நடுவர். ஈ என்ற எழுத்து மட்டுமே உயிராக வரும் சொல். பொருள், நுரைத்துப் பொங்குதல்.

துஷானி சிரித்தாள். நடுவரைப் பார்க்கவில்லை, கமராவைப் பார்த்தாள்.

“ஏ” என்றாள்.

மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை.

“எஃப், எஃப், ஏ, எர், ஃபௌ, ஏ, எஸ், த்சே, ஏ, என், த்சே, ஏ.”

ஒவ்வொரு ஏக்கும் நடுவர் மணி அடித்தார். சபையில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் சொல்லி முடித்து, ஒலிவாங்கியை விட்டு நடந்து போய், பூச்செண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜேர்மனி என்று எழுதியிருந்த கதிரையில் இருந்தாள். நடுவர்கள் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். யாரோ புத்தகம் ஒன்றைப் புரட்டினார்கள்.

“ஐயோ, வெல்லுற நேரத்திலை” என்றார் அசோகன். “பிள்ளை மறந்துபோய் இங்கத்தை எழுத்தைச் சொல்லிப்போட்டாள்.”

தக்சாயினி எனக்குப் பின்னால் நின்று என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“மறக்கேல்லையப்பா” என்றாள்.